புடவை மூட்டையுடன் தோட்டம் புகுந்த நடேசய்யர்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டின் தேயிலைத் தோட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி இராச்சியமாகவே இருந்தன. துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் அங்கே கால்வைக்க முடியாது. மீறிச் சென்றால் அத்துமீறிப் புகுந்த குற்றத்துக்காக நீதிமன்றப் படியேற நேரும். லயன் காம்பராக்களுக்குள் என்ன நடக்கின்றது என்பது பக்கத்திலிருந்த கடைத்தெருவுக்குக்கூடத் தெரியாது. எனினும் ஒருசிலருக்கு மட்டும் அந்த வாசல் திறந்திருந்தது. புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு லயன் லயனாகச் சென்று துணி விற்கும் வியாபாரி அவர்களுள் ஒருவர்.

தஞ்சாவூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் இந்த வழியைத் தெரிந்துகொண்டார். தாமும் ஒரு புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார். துணியை விரித்து வைத்துக்கொண்டு தொழிலாளரின் கதையைக் கேட்டார். எவ்வளவு கூலி, எவ்வளவு கடன், யாருக்குக் கடன், ஊர் திரும்ப ஏன் முடியவில்லை என்றெல்லாம் விசாரித்தறிந்தார். தாம் கண்டதையும் கேட்டதையும் பின்னர் எழுதி வெளியிட்டார். அந்த இளைஞரே கோதண்டராம நடேசய்யர். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் தந்தை என்று வரலாற்றாசிரியர்களால் போற்றப்படுபவர் இவரே.

நாடு விட்டு நாடு சென்று உழைப்பவர்களை அவர்கள் உழைக்கும் நாடு எவ்வாறு நடத்துகின்றது என்ற கேள்வி இன்று உலகெங்கும் எழுகின்றது. இந்தக் கேள்வியை ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே இலங்கை மண்ணில் எழுப்பி, அதற்காகவே தமது வாழ்நாளைச் செலவிட்டவர் நடேசய்யர். ஆகவே அன்னாரின் வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை நினைவுகூர்வது பொருத்தமானதாகும்.

துண்டுக்குள் அடங்கிய வாழ்க்கை

நடேசய்யர் தஞ்சை மாவட்டத்தில் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஆங்கிலக் கல்வி பெற்றவர். இளமையிலேயே தஞ்சை வணிகர்களை ஒன்றுதிரட்டுவதில் ஈடுபட்டு, வர்த்தகமித்திரன் என்ற பத்திரிகையை நடத்தினார். 1915 ஆம் ஆண்டளவில் இந்நாட்டு இந்திய வணிகர்களின் தொடர்பால் முதன்முதலாக இலங்கைக்கு வந்தார். வணிகர்களைச் சந்திக்க வந்தவரின் மனதைத் தொழிலாளர்களே ஈர்த்துக்கொண்டனர். வசதியான தொழிலொன்றில் அமர்ந்து நிம்மதியாக வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவர், தமக்கு எவ்வகையிலும் இலாபம் தராத ஒரு பணியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

அவர் தோட்டங்களுக்குள் கண்டது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கையுடன் தொடங்கியது தென்னிந்தியத் தொழிலாளரின் வருகை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களில் பலர் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியாயினர். 1869 ஆம் ஆண்டு முதல் கோப்பியை நோய் தாக்கியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டபோது, கோப்பித் தோட்டத்துக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் வந்து சென்றவர்கள் ஆண்டு முழுவதும் தங்க வேண்டியவர்களாயினர். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதைக் கொய்யும் கைகளும் ஆண்டு முழுவதும் வேண்டும். குடும்பம் குடும்பமாகக் குடியேற்றம் நிகழ்ந்தது இவ்வாறே.

ஊரில் ஆள் திரட்டியவர் கங்காணி. கப்பற் செலவு, வழிச்செலவு, ஊர்க் கடன் என்று அவர் கொடுத்த முன்பணம் யாவும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. அரிசியும் கூலியிற் கழிக்கப்பட்டது. ஓராள் பெரட்டுக்கு வந்தால் அந்த ஆளுக்கென்று கங்காணிக்கு ஒரு தலைக்காசு கிடைத்தது. எனவே தொழிலாளி கடனிலிருந்து மீள்வதிற் கங்காணிக்கு எந்த நன்மையும் இருக்கவில்லை.

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் துண்டு வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இவரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு கடதாசியே அந்தத் துண்டு. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆளைப் பெற்றுக்கொள்ளும். கடனோ தொழிலாளியின் தலையை விட்டு இறங்குவதில்லை. துண்டு இல்லாமல் வெளியேறினால் அது வெறும் வேலை விலகலாகக் கருதப்படவில்லை. 1865 ஆம் ஆண்டின் தொழிற் கட்டளைச் சட்டத்தின்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஒரு மனிதர் தமது வேலையை விட்டு விலகுவதைச் சட்டமே குற்றமாக்கிய காலம் அது.

1921 ஆம் ஆண்டில் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. சிறைத்தண்டனை விதிகளும் சட்டத்திலிருந்து நீங்கின. ஆனால் சட்டம் மாறியதை லயன் காம்பராவில் வாழ்ந்தவருக்கு எடுத்துச் சொல்ல யார் இருந்தனர்? எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு, தாம் இனிக் கட்டுண்டவர் அல்லர் என்பதை அறிவிக்கும் வழி என்ன? நடேசய்யரின் பணி இந்த இடைவெளியிலேயே தொடங்கியது.

பேனாவும் சங்கமும்

1920 ஆம் ஆண்டில் அவர் இலங்கையை நிரந்தர வாழ்விடமாக ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு கொழும்பில் தேசநேசன் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. பின்னர் 1924 ஆம் ஆண்டில் தேசபக்தன் தோன்றியது. மலையக மக்கள் அவரை அப்பத்திரிகையின் பெயராலேயே தேசபக்தன் நடேசய்யர் என்று அழைக்கலாயினர். தமிழில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் அவர் பத்திரிகைகளை நடத்தினார். தொழிலாளிக்குத் தமிழில் எழுத வேண்டும், ஆள்வோருக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அவருடைய எழுத்துகளில் குறிப்பிடத்தக்கது தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கி அவர் வெளியிட்ட நூல். சட்டம் என்பது துரையின் மேசையிலும் நீதவானின் மேசையிலும் மட்டும் கிடந்த காலத்தில், அதைத் தொழிலாளியின் கைக்குக் கொண்டு வந்தார். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்டால் போதும் என்று எண்ணினார். மேடைக்கென நாடகமும் எழுதினார். தோட்டத்துரைமாரின் இராச்சியம் என்று பொருள்படும் பெயரில் ஆங்கில நூலொன்றையும் வெளியிட்டார்.

இதே காலப்பகுதியில் கொழும்பிலே ஏ.ஈ. குணசிங்க நகரத் தொழிலாளரை அணிதிரட்டிக்கொண்டிருந்தார். 1922 ஆம் ஆண்டில் அவர் அமைத்த இலங்கைத் தொழிற்சங்கத்தில் நடேசய்யர் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார். 1923 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் புகையிரதத் தொழிலாளரிடையே தொடங்கி நகரெங்கும் பரவியது. கொழும்புத் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையாளிகள் என்ற வேறுபாடின்றித் தொழிலாளர் தோளோடு தோள் நின்ற காலம் அது. நடேசய்யரை நாடு கடத்த வேண்டும் என்ற முயற்சியும் நடந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதே அவருக்கெதிராகப் பயன்படுத்தப்பட்ட ஆயுதம். அம்முயற்சி கைகூடவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேயிலை பயிரிட இந்தியாவிலிருந்து இலட்சக்கணக்கானோரை வரவழைத்தவர்கள் எவரோ, அவர்களே அம்மக்களின் உரிமையைக் கேட்ட ஒருவரை அந்நியர் என்றனர். உழைக்கும்வரை அவர் நம்மவர், உரிமை கேட்டால் அவர் வேற்றார் என்ற இந்த இரட்டை அளவுகோலை நடேசய்யர் தமது வாழ்நாள் முழுவதும் எதிர்கொள்ள நேர்ந்தது.

சபையில் ஒலித்த குரல்

1925 ஆம் ஆண்டில் சட்ட நிரூபண சபையில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஆசனமொன்று அவருக்குக் கிடைத்தது. புடவை மூட்டையுடன் களவாகத் தோட்டம் புகுந்தவர், இப்போது தாம் கண்டதைச் சபையிலேயே பேசும் நிலைக்கு வந்தார். அன்றைய சபையில் தோட்டத்துரைமாருக்கும் பிரதிநிதிகள் இருந்தனர். அவர்களின் முன்னிலையிலேயே கூலி, கடன், குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி என ஒவ்வொன்றையும் அவர் கேள்விக்குள்ளாக்கினார்.

இந்தியா 1922 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய குடியகல்வுச் சட்டம் இக்காலத்திற் பெரிதும் உதவியது. தன் மக்களை வேலைக்கு அனுப்பும் நாடு, அவர்கள் நடத்தப்படும் விதத்தைக் கேட்கும் உரிமையுடையது என்ற நிலையை அது ஏற்படுத்தியது. இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியிலே தங்கியிருந்து தொழிலாளர் நிலையைக் கவனித்தார். நியாயமான கூலி நிர்ணயிக்கப்பட வேண்டும் என்ற இந்தியாவின் வற்புறுத்தலின் பயனாக 1927 ஆம் ஆண்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929 ஆம் ஆண்டு அது நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டில் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண் ஒருவருக்கு 43 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. இன்றைய கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் தொகைதான். ஆனால் கூலியைத் துரையின் விருப்பம் அன்றிச் சட்டம் தீர்மானிக்கலாம் என்ற கொள்கை முதன்முதலாகத் தோட்டங்களுக்குள் நுழைந்தது.

பின்னர் டொனமூர் ஆணைக்குழு வந்தது. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்ற அதன் பரிந்துரை உலகின் பல நாடுகளுக்கு முன்னதாகவே இலங்கைக்குக் கிடைத்த பேறு எனலாம். ஆனால் தோட்டத் தொழிலாளரும் வாக்களிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, சபையிலே கடும் எதிர்ப்புக் கிளம்பியது. மலைநாட்டுத் தொகுதிகளில் வந்தேறிகளின் வாக்குகள் தங்களை மூழ்கடித்துவிடும் என்று கண்டிச் சிங்களத் தலைவர்கள் அஞ்சினர். முடிவில் இந்தியத் தொழிலாளர் தமது நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும், அல்லது ஐந்தாண்டு வதிவுடன் இங்கேயே தங்கும் எண்ணத்தையும் காட்டிச் சான்றிதழ் பெறவேண்டும் என்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. மற்றையோருக்கு வாக்குரிமை பிறப்போடு வந்தது. இவர்கள் அதை நிரூபித்துப் பெற வேண்டியவர்களாயினர்.

தோழமை முறிந்த கதை

நடேசய்யரின் வாழ்க்கையில் மிகவும் வருந்தத்தக்க அத்தியாயம் துரைமாருடன் அவர் நடத்திய போராட்டமன்று. தமது தோழர்களிடமிருந்து அவர் பிரிய நேர்ந்ததே அது.

1920 களின் இறுதியில் கொழும்பில் வேலையில்லாப் பிரச்சினை தலைதூக்கியது. உலகப் பொருளாதார மந்தம் வந்து சேர்ந்ததும் அது மேலும் கூர்மையடைந்தது. குறைந்த கூலிக்கு வேலை செய்யும் இந்தியரே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற பேச்சு எழுந்தது. ஒருகாலத்தில் எல்லா இனத் தொழிலாளரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்திய குணசிங்கவே அந்தப் பேச்சின் பக்கம் சாய்ந்தார். குறிப்பாக மலையாளிகளுக்கு எதிரான பிரசாரம் கொழும்பு வீதிகளிற் சூடு பிடித்தது. 1928 ஆம் ஆண்டளவில் நடேசய்யர் அவரிடமிருந்து விலகினார்.

வேலையற்றிருந்த சிங்களத் தொழிலாளியின் துயரம் பொய்யானதன்று. தோட்டங்களால் நிலமிழந்த கண்டி விவசாயியின் மனக்குறையும் பொய்யானதன்று. ஆனால் அந்த நிலத்தை எடுத்தவர் கொழுந்து பறித்த பெண் அல்லர். கூலியைக் குறைத்தவரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்த மலையாளி அல்லர். கூலி குறைவாக இருப்பதற்குக் காரணம், கேள்வி கேட்க முடியாத நிலையில் ஒரு பிரிவினர் வைக்கப்பட்டிருப்பதே. அவர்களுக்கும் மற்றையோருக்குள்ள அதே உரிமை கிடைத்தால், குறைந்த கூலிக்கு எவரையும் அமர்த்த முடியாது. ஆகவே உள்நாட்டுத் தொழிலாளியின் கூலியைக் காக்கும் வழி வெளியிலிருந்து வந்தவரைத் துரத்துவதன்று, அவரைச் சமமாக்குவதே. நடேசய்யர் நின்ற இடம் இதுதான். அன்று அதைக் கேட்பதற்குப் பலர் ஆயத்தமாக இருக்கவில்லை.

ஹட்டனில் ஏற்றிய விளக்கு

கொழும்பிலிருந்து அவரது பார்வை முற்றாக மலைநாட்டை நோக்கித் திரும்பியது. 1931 ஆம் ஆண்டில் ஹட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளருக்கென இந்நாட்டிலே தோன்றிய முதலாவது தொழிற்சங்கம் இதுவேயாகும்.

இப்பணியில் அவரது துணைவியார் மீனாட்சி அம்மையாரின் பங்கு மகத்தானது. பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதாக இருந்த அக்காலத்தில், அவர் தோட்டந்தோறும் சென்று கூட்டங்களிற் பாடினார். தொழிலாளர் நன்கறிந்த மெட்டுகளில் அவர்களின் துயரத்தையும் உரிமையையும் பாட்டாக்கினார். உரையை விளங்கிக்கொள்ளாதவர்களும் பாட்டை விளங்கிக்கொண்டனர். கூட்டம் கலைந்த பின்னரும் அப்பாடல்கள் மலைச்சரிவுகளில் ஒலித்தன. இந்தியரின் இலங்கை வாழ்க்கை குறித்து நூலும் எழுதினார். கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அம்மையாரின் குரல் எத்தகைய தேவையை நிறைவு செய்தது என்பது விளங்கும்.

சங்கம் தோன்றிய காலமோ மிகவும் பாதகமானது. உலகச் சந்தையிலே தேயிலை விலை வீழ்ந்தது. 1931 இற்கும் 1933 இற்கும் இடையிற் கூலி பலமுறை குறைக்கப்பட்டது. தோட்டங்கள் சில மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். தொழிற்சங்கங்களைச் சட்டரீதியாகப் பதிவு செய்யும் ஏற்பாடே 1935 ஆம் ஆண்டிற்றான் வந்தது. சங்கத்திற் சேர்ந்தவருக்கு வேலை போகும், வேலை போனால் லயன் காம்பராவும் போகும் என்ற நிலை. வீடும் வேலையும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும்போது, துணிவுக்கு ஒரு குடும்பம் கொடுக்க வேண்டிய விலை மிகப் பெரிது. நடேசய்யரின் சங்கம் நீண்டகாலம் செழித்து வளராமைக்கு இதுவே முதற்காரணம். எல்லாவற்றையும் தாமே சுமந்து நடத்தும் அவரது போக்கும் இன்னொரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. அவருக்குப் பின் சங்கத்தை ஏற்று நடத்தக்கூடிய இரண்டாம் வரிசைத் தலைவர்கள் உருவாகவில்லை.

அரசாங்க சபையில் பதினோராண்டுகள்

1936 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹட்டன் தொகுதி மக்கள் நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். 1947 வரை அவர் அச்சபையில் இருந்தார். இந்தப் பதினோராண்டுகளும் இந்திய வம்சாவளியினருக்கு எதிரான சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த காலமாகும்.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் ஏற்கெனவே அரச காணி பெறும் தகுதியிலிருந்து இவர்களை விலக்கி வைத்திருந்தது. 1937 ஆம் ஆண்டில் கிராமச் சபைச் சட்டத் திருத்தம் வந்தது. தோட்டத்தில் வாழும் இந்தியத் தொழிலாளருக்குக் கிராமச் சபைத் தேர்தலில் வாக்கில்லை என்பதே அதன் சாரம். இனத்தைக் குறிப்பிடுவது தவறு என்று ஆட்சேபம் எழுந்ததும் வாசகம் மாற்றப்பட்டது. இந்தியர் என்ற சொல் நீக்கப்பட்டு, தோட்டத்தில் வதியும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்று எழுதப்பட்டது. தோட்டத்தில் வதிந்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லாமலே ஒரு சமூகத்தை ஒதுக்கும் கலையை அச்சட்டம் கற்றுத் தந்தது.

இந்தியரின் குடிவரவால் இந்நாட்டவருக்குத் தீங்கு நேர்கின்றதா என்பதை ஆராய சேர் எட்வர்ட் ஜக்சன் நியமிக்கப்பட்டார். அவரது அறிக்கை 1938 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வந்த தொழிலாளரால் இந்நாட்டவரின் வேலைவாய்ப்புப் பாதிக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது, நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு அவர்களே துணைபுரிந்துள்ளனர் என்பதே அதன் முடிவு. அரசாங்கமே கேட்டுப் பெற்ற அறிக்கை இவ்வாறு கூறியும், அரசியல் அந்த வழியிற் செல்லவில்லை. 1939 ஆம் ஆண்டில் அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. அதற்குப் பதிலடியாக இந்தியா அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது.

அவ்வாண்டு ஜூலையில் இலங்கை வந்த ஜவஹர்லால் நேருவின் முயற்சியால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. வணிகர்களும் படித்தவர்களும் பெரிய கங்காணிக் குடும்பத்தினரும் அதிற் சேர்ந்தனர். இணைச் செயலாளர்களுள் ஒருவரான ஏ. அஸீஸ் பிற்காலத்தில் மலையகத் தொழிற்சங்க வரலாற்றிலே தனியிடம் பெற்றவர். தமிழ்த் தொழிலாளரின் உரிமைக்காக ஒரு முஸ்லிம் தலைவர் வாழ்நாளெல்லாம் உழைத்தார் என்பது நம் இரு சமூகங்களும் மறக்கக்கூடாத செய்தியாகும். நடேசய்யரோ அக்காங்கிரஸுடன் ஒன்றிப்போகவில்லை. கங்காணி முறையைத் தோட்டத்துரைமாருக்கு நிகராக எதிர்த்தவர் அவர். புதிய அமைப்பின் வளர்ச்சி அவரை மெல்ல மெல்ல ஓரங்கட்டியது.

இதற்கிடையில் வாக்காளர் பதிவேட்டில் இந்தியரின் தொகை குறையலாயிற்று. 1939 ஆம் ஆண்டில் சுமார் 2 இலட்சத்து 25 ஆயிரமாக இருந்த அத்தொகை, பதிவு விதிகள் இறுக்கமாகக் கையாளப்பட்டதால் 1943 ஆம் ஆண்டளவிற் சுமார் 1 இலட்சத்து 68 ஆயிரமாக வீழ்ச்சியடைந்தது. பிறந்த இடத்துக்கும் வதிந்த காலத்துக்கும் ஆதாரம் காட்ட முடியாதவர்கள் பெயரிழந்தனர். லயன் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு என்ன பத்திரம் இருக்கும்?

இறுதியும் அதன் பின்னரும்

1947 ஆம் ஆண்டில் சோல்பரி யாப்பின் கீழ் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. மஸ்கெலியாத் தொகுதியிற் போட்டியிட்ட நடேசய்யர் தோல்வியடைந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர்கள் மலைநாட்டில் வெற்றிவாகை சூடினர். நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையிற் சி.வி. வேலுப்பிள்ளையும் அவ்வாறு சபைக்குச் சென்றவர்கள். தாம் விழிக்கச் செய்த மக்களே தம்மைத் தோற்கடித்தனர் என்ற கசப்பு அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் அவ்வாக்குகளைப் பயன்படுத்தும் துணிவை அவர்களுக்கு ஊட்டியவர்களுள் அவரே முதல்வர். அதே ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி அவர் காலமானார்.

நாடு சுதந்திரம் பெற அப்போது மூன்று மாதங்களே இருந்தன. அந்தச் சுதந்திரம் அவர் நேசித்த மக்களுக்கு எதைக் கொண்டுவந்தது என்பதைக் காண அவர் இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்ததை நிரூபிக்குமாறு கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத மக்களிடம் இரண்டு தலைமுறைக்கு ஆதாரம் கேட்கப்பட்டது. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் பிரஜாவுரிமைக்கு ஒரு குறுகிய வாசலைத் திறந்தது. அதன் பெயரே உணர்த்துவதுபோல், இங்கு வாழ்ந்த இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளி முஸ்லிம்களும் அதே வாசலில் நிற்க நேர்ந்தது. வாக்குரிமையும் 1949 ஆம் ஆண்டிற் பறிபோனது.

1964 ஆம் ஆண்டில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோரின் கதி பின்னர் என்று கணக்குத் தீர்க்கப்பட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே பிரஜாவுரிமை வழங்கியது. நடேசய்யர் மறைந்து 56 ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்த வாசல் முழுமையாகத் திறந்தது. காணியுரிமையும் வீட்டுரிமையும் இன்னமும் முழுமை பெறவில்லை.

நமக்கு அவர் விட்டுச்சென்ற பாடம்

காலம் இன்று திசை மாறியுள்ளது. அன்று இலங்கைக்கு உழைக்க வந்தனர். இன்று இலங்கையிலிருந்து உழைக்கச் செல்கின்றனர். மூதூரிலும் கிண்ணியாவிலும் காத்தான்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் வெளிநாட்டில் உழைக்கும் ஒருவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அவர்களைப் பதிவு செய்து அனுப்புகின்றது. அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் அந்நியச் செலாவணியைத் தாங்கி நிற்கின்றது.

ஆனால் வளைகுடா நாடுகளில் நீண்டகாலம் நிலவிய கபாலா முறை எதை நினைவூட்டுகின்றது? முதலாளியின் சம்மதக் கடிதமின்றி வேலை மாற முடியாது. அனுமதியின்றி வெளியேறினால் ஓடிப்போனவர் என்ற குற்றச்சாட்டு. கடவுச்சீட்டோ எசமானின் அலுமாரிக்குள். புறப்படும்போதே தரகருக்குக் கொடுத்த கடன் ஊரிலே வட்டியாய் வளர்கின்றது. துண்டும் கங்காணியும் முன்பணமும் வேறு பெயர்களில் வாழ்ந்துகொண்டிருக்கவில்லையா? 2020 ஆம் ஆண்டிலிருந்து கட்டார், சவூதி அரேபியா போன்ற நாடுகள் இவ்விதிகளைத் தளர்த்தத் தொடங்கியுள்ளமை வரவேற்கத்தக்கது. எனினும் சட்டம் மாறியதை ஒரு வீட்டின் சமையலறைக்குள் அடைபட்டிருக்கும் பணிப்பெண்ணுக்கு யார் எடுத்துச் சொல்வது? 1921 இல் லயன் காம்பராவின் முன் நின்ற அதே கேள்வி இன்று அந்தச் சமையலறை வாசலில் நிற்கின்றது.

நம் பிள்ளைகளுக்கு அந்நிய நாட்டில் நீதி கேட்கும் நாம், நம் மண்ணுக்கு உழைக்க வந்தவர்களை இந்நாடு நடத்திய விதத்தையும் மறந்துவிடலாகாது. ஓர் ஆளின் உழைப்பு நமக்கு வேண்டும், ஆனால் அந்த ஆள் நமக்கு வேண்டாம் என்று ஒரு சட்டம் கூறுமானால், அச்சட்டமே வெறுப்பின் விதை. அவர்களைப் பேச வழியற்றவர்களாக வைத்திருப்பதும் சட்டம்தான். பின்னர் அவர்களைக் குறைந்த கூலிக்கு வருபவர்கள் என்று பழிப்பதும் அதே சமூகம்தான். இந்தச் சுழலை உடைப்பதற்குக் கருணை போதாது, சட்டமே திருந்த வேண்டும். கூலிக்குச் சட்டம், கடனிலிருந்து விடுதலை, வேலை மாறும் உரிமை, சங்கம் சேரும் உரிமை, இறுதியாக வாழும் நாட்டிற் குடியுரிமை. நடேசய்யர் கேட்டவை இவையே. இன்று புலம்பெயர் தொழிலாளருக்காகக் குரல் கொடுப்போர் கேட்பவையும் இவையே.

அவரது பத்திரிகைகள் நின்றுபோயின. அவரது சங்கம் நிலைக்கவில்லை. தேர்தலிலும் தோற்றே மறைந்தார். ஆயினும் அவர் கேட்ட ஒவ்வொன்றையும் காலம் கடந்தேனும் இந்நாடு ஏற்க வேண்டி வந்தது. புடவை மூட்டையுடன் உள்ளே சென்று அவர் கொண்டுவந்த உண்மையை அன்றே செவிமடுத்திருந்தால், இலட்சக்கணக்கான மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் நாடற்றவராய் அலைந்திருக்க வேண்டியதில்லை.